ஏன் முழிக்கிற?

தங்கத்தை விழுங்கியவனின் கண் மினுமினுக்கும் என்று எட்டு வயதுவரை நம்பிய முட்டாள் நான். அப்பா தூங்கும்போது இமையை விரித்துப் பார்த்ததும் உண்டு. இன்று கடையில் கொழுப்பு மெழுகுவத்தி வாசனை அடித்ததும், கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் வராத காலத்தில் சுரங்க வாசலில் இருந்த தட்டிக் கொட்டகையும், தொப்பிகளில் மெழுகுவத்தியை ஒட்டவைத்துக் காய்ந்த களிமண்ணும், ஆட்களை ஏற்றிக்கொண்டு கூண்டு மேலே வந்து நிற்கும் இரும்புச் சத்தமும் மூக்கு வழியாகவே வந்துவிட்டன. ஷிப்டு முடிந்தவர்களின் வாயை அங்கே திறக்கச் சொல்லித் துழாவும் சோதனைக்காரர், அப்பாவிடம் மட்டும் தினமும், "இன்னாடா, ஏன் முழிக்கிற?" என்பார்.

"நான் எங்கங்க முழிக்கிறேன்?" என்று சொல்லிச் சொல்லியே, எதையும் எடுக்காத அப்பா திருடனைப்போல முழிப்பார். வரிசை சிரிக்கும். அப்பாவுக்காக வெளியே காத்திருக்கும் எனக்குக் காது கொதிக்கும்.

பழிவாங்க ஒரு மாதம் எங்கள் ஆட்டிடம் ஒத்திகை பார்த்தேன். ஒருநாள் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை சோதனைக்காரரின் பக்கத்தில் நிற்கும்போது, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கால்சட்டை நனைய நனையக் கத்தினேன்: "இன்னாய்யா, ஏன் முழிக்கிற?"

சோதனைக்காரரின் கை தானாக மடிக்குப் போனது. "நானா? நான் எங்க முழிக்கிறேன்?" அந்த நடுங்கிய குரலை இன்றும் சப்புக்கொட்டி நினைத்துக்கொள்வேன்.

"வாயைத் தொறங்க சாமி!" என்று வரிசையில் யாரோ கத்தினார். துரை சோதனைக்காரருடைய வாயையும் மடியையும் எல்லார் எதிரிலும் சோதித்தார்.

வெற்றிலைதான் இருந்தது. அவரும் எதையும் எடுத்திருக்கவில்லை.