கோயில் கடிகாரமும் பூவிழியின் மரத்தண்டும்

பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒரு லேத் பட்டறை இருக்கிறது. போர்வெல் மோட்டார் ஷாஃப்டைத் தோளில் சுமந்துகொண்டு முதல்முறை வருகிறவர்கள் வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "மேஸ்திரி இல்லீங்களா?" என்பார்கள். லேத்தை நிறுத்திவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு பெண் நிமிர்ந்து பார்ப்பாள்.

"நாந்தாங்க மேஸ்திரி. மொதல்ல அத இறக்கி வைங்க, தோளு வலிக்கப்போவுது."

அவள்தான் பூவிழி. ஏரியூர்ப் பக்கம் நிலக்கடலையும் கேழ்வரகும் விளைகிற காட்டில் பிறந்தவள். பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் இரும்பு கடையும் டர்னர் பிரிவு கேட்டாள். "தையல் எடும்மா" என்றார்கள். "தையல் மெஷினு ரிப்பேரானா யாருகிட்ட போவீங்க, அந்த ஆளா நான் ஆவணும்" என்று சொல்லி டர்னரிலேயே சேர்ந்தாள். படிப்பு முடிந்து ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. பென்னாகரம் ஒகேனக்கல் மினி பஸ் ஓட்டும் முனிராஜைக் கட்டிக்கொண்ட பிறகு ஊருக்குத் திரும்பி, செகண்ட் ஹேண்டில் ஒரு லேத் வாங்கிப் போட்டாள். பொம்பளை கடைந்த ஷாஃப்ட் நிற்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் ஒரு கோடை போனதும் சந்தேகத்தை விட்டுவிட்டார்கள். மோட்டார் ஓடியது, அவ்வளவுதான்.

கடிகாரம் அவள் வாழ்க்கையில் வந்தது ஒரு மாசி மாதம்.

பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலில் பெரிய மணி தொங்குகிற இரும்புச் சட்டம் சுழலும் அச்சு ஊசி தேய்ந்துபோயிற்று. புது ஊசி கடைந்து எடுத்துக்கொண்டு பூவிழி மணிக்கூண்டில் ஏறினாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ரோசம்மாள் முன்னால் ஏறி வழிகாட்டினாள். மணிக்குக் கீழே ஒரு அறை. அங்கே, ஆள் உயரச் சட்டத்தில் பித்தளைப் பல்சக்கரங்களும், கீழே ஒரு நீளமான இரும்புத் தண்டின் நுனியில் வட்டக் குண்டும் வைத்த பழைய கடிகாரம் 'டக்... டக்' என்று ஆடிக்கொண்டிருந்தது. சாவி கொடுத்தால் இரும்பு எடைகள் மேலே ஏறும், அவை மெல்ல இறங்குகிற இழுப்பில் வாரம் முழுக்க ஓடும்.

பூவிழி ஊசியை மறந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"அதப் பாத்து மயங்காத தங்கச்சி," என்றாள் ரோசம்மாள். "பெரிய ஏமாத்துக்காரி அது. பங்குனி பொறந்தா பின்னாடி போவும். மார்கழி வந்தா முன்னாடி ஓடும். நானும் மேலயும் கீழயும் ஏறி எறங்கி முள்ளத் திருப்பித் திருப்பி முட்டி போச்சு. போன வருசம் பூசைக்கு மணிய லேட்டா அடிச்சுட்டேன்னு ஊரே சிரிச்சுது."

"வெயில்ல பின்னாடி, குளிருல முன்னாடியா? மாத்தி நடக்கிறதில்லையா?"

"ஒரு வருசமும் மாறல."

"அப்ப அது ஏமாத்தல அக்கா. ஒரே மாதிரி நடந்துக்கிற எதுவும் ஏமாத்தாது."

கீழே இறங்கியபோது கோயில் பேரவையின் பொருளாளர் மாதவராஜ் நின்றிருந்தார். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், எதையும் யோசித்துத்தான் செய்வார். கடிகாரத்தின் உள்வேலையைக் கழற்றிவிட்டு, செயற்கைக்கோளிலிருந்து தானே நேரம் வாங்கிக்கொள்ளும் எலக்ட்ரிக் மெஷினைப் பொருத்திவிடலாம் என்று பேரவையில் பேச்சு நடப்பதாகச் சொன்னார்.

"எல்லார் கையிலயும் செல்போனு இருக்குதும்மா. இதுக்கு யாரு மெனக்கெடுறது?"

"செல்போனு இருக்குதுன்னா ஊருக்கு மேல நின்னுக்கிட்டு இது பொய் சொல்லலாமாங்க?" என்றாள் பூவிழி. "கழட்டாதீங்க. எனக்கு ஒரு வெயிலும் ஒரு மழையும் குடுங்க. சரியா வரலேன்னா நானே கழட்டித் தரேன்."

மாதவராஜ் அவளையே பார்த்தார். அவர் கடைக்கு வரும் மோட்டார்க்காரர்கள் இவள் கைவேலையைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரி, பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு விடுமுறை விட்டுவிட்டுப் பூவிழி மணிக்கூண்டுக்குப் போனாள். முதலில் அவள் கண்ணில் பட்டது சட்டம். அது ஒரு பழைய பலகையில் அறையப்பட்டிருந்தது. குண்டு இந்தப் பக்கம் போனால் சட்டமும் மயிரிழை இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். சட்டமும் கூடவே ஆடினால் எந்தக் கடிகாரமும் நேரம் பிசகும். பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கல்சுவரில் ஆழத் துளைபோட்டு நான்கு போல்ட்டில் சட்டத்தை இறுக்கினாள். 'டக்'குக்கும் அடுத்த 'டக்'குக்கும் இடைவெளி ஒன்றாக இல்லை, கடிகாரம் நொண்டியது. காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, இரண்டும் சமமாக விழும்வரை அதை நிமிர்த்தினாள். புறா எச்சமும் கெட்டிப்பட்ட எண்ணெயும் போக மண்ணெண்ணெயில் கழுவி, துளித்துளியாகப் புது எண்ணெய் விட்டாள்.

கடிகாரம் இப்போது தெளிவாக ஓடியது. ஆனாலும் பங்குனி வெயில் ஏற ஏறப் பின்தங்கியது. ரோசம்மாள் தினமும் உச்சிப் பொழுதில் செல்போனையும் கடிகாரத்தையும் ஒப்பிட்டு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள். "தங்கச்சி, நேத்த விட இன்னிக்கு இன்னும் கொஞ்சம் பின்னாடி. முந்தாநாளு மேகமா இருந்துச்சே, அன்னிக்கு ஒழுங்காத்தான் இருந்தா."

முனிராஜ் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்டான். "இவ்ளோ பண்ணியும் தப்புதே. ஒத்துக்கிட்டு வந்துரலாமில்ல?"

"தெனமும் ஒரே அளவு தப்புனா அது நோயே இல்லீங்க. குண்டுக்கு அடியில இருக்கிற நட்டை ஒரு சுத்து சுத்துனா தீந்துது. வெயிலுக்கு ஒண்ணு, மேகத்துக்கு ஒண்ணுன்னு தப்புது பாருங்க, அதுதான் நோயி. அது எங்க இருக்குதுன்னும் எனக்குத் தெரியும்."

அவளுக்கு அது ஓசூரில் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், லேத்திலிருந்து அப்போதுதான் கழற்றிய சூடான ஷாஃப்டுகளை அளந்து, அளவு கச்சிதம் என்று ஒரு பெட்டி நிறைய அனுப்பிவிட்டாள். ஆறிய பிறகு அத்தனையும் சுருங்கி அளவு குறைந்து திரும்பி வந்தன. சூப்பர்வைசர் ஒன்றும் திட்டவில்லை. ஒரு ஷாஃப்டை அவள் கையில் கொடுத்து, "இரும்பு மூச்சு விடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் சூட்டோடு எதையும் அளந்ததில்லை.

கடிகாரத்தின் தண்டும் இரும்புதான். வெயிலில் அது நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நீளம்தான், ஆனால் தண்டு நீண்டால் ஊசல் மெதுவாக ஆடும். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் ஆட்டம்! ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொள்ளும் துளித் தாமதம் வாரக் கடைசியில் ஒரு நிமிடம் ஆகிவிடுகிறது.

அப்படியானால் நீளாத தண்டு வேண்டும். அதற்கென்று தனி உலோகம் இருக்கிறதாம், அதை எங்கே போய்த் தேடுவது? பூவிழி தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். மழைக்காலத்தில் அகலத்தில் ஊதிக்கொண்டு சட்டத்தில் இடிக்கும், ஆனால் உயரத்தில் ஒருநாளும் இடித்ததில்லை. மரம் ரேகை போகும் திசையில் லேசில் நீளாது. கடிகாரம் செய்கிறவர்கள் போட்டிருந்த வீடியோ ஒன்றிலும் அதையே சொன்னார்கள். இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் அவள் நம்புகிறவள் இல்லை. பட்டறைக்கு வெளியே கொளுத்தும் வெயிலில் ஒரு இரும்புக் கம்பியையும், இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்குச் சட்டத்தில் இழைத்த ஒரு தண்டையும் கிடத்தி, மயிரிழை நீட்சியையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை நுனியில் பொருத்தினாள். இரும்புக்கு முள் நகர்ந்தது. தேக்குக்கு முள் சும்மா ஒரு சிணுங்கல் சிணுங்கியது.

"அந்தச் சிணுங்கலையும் விடக்கூடாது," என்றாள் முனிராஜிடம். "எனக்குக் கொஞ்சம் ஈயம் வேணும்."

"ஈயமா? மரத்துக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் அடுப்படியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துத் தரையில் வைத்துக் காட்டினாள். "இதுதான் குண்டுன்னு வைங்க. ஈயம் சூட்டுல நல்லா வளரும். இத அடியில தாங்கி நிறுத்தியிருந்தா எந்தப் பக்கம் வளரும்? மேல தானே? தண்டு எவ்ளோ கீழ எறங்குதோ, அவ்ளோ இது மேல ஏறுனா, நடுவுல இருக்கிற பாரம் இருந்த எடத்துலயே இருக்கும்."

முனிராஜுக்கு முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் மறுநாள் மாலை ஒகேனக்கல்லிலிருந்து திரும்பும்போது மீன்பிடிக்கிறவர்களிடம் சொல்லி, கிழிந்த வீச்சுவலைகளில் கோத்திருந்த ஈயக் குண்டுமணிகளை ஒரு பை நிறைய வாங்கிவந்தான். "பரிசல்காரங்க எல்லாம் என்னங்க, பஸ்ஸுக்கு வலை போடப்போறீங்களான்னு சிரிக்கிறானுங்க" என்றான். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, திறந்த வெளியில் ஈயத்தை உருக்கி, நிற்க வைத்த குழாயில் ஊற்றிப் பூவிழி முழங்கை நீளத்தில் ஒரு உருளை வார்த்தாள். அதை லேத்தில் கடைந்து, நடுவில் துளைபோட்டு, பழைய குண்டுக்குப் பதிலாகத் தேக்குத் தண்டில் ஏற்றினாள்.

சித்திரை வெயிலில் மரத்தண்டு ஆடத் தொடங்கியது. ரோசம்மாளின் குரலில் ஆச்சரியம் வந்தது. "தங்கச்சி, உச்சி வெயிலு மண்டையப் பொளக்குது, இவ கொஞ்சமும் பின்னாடி போவல. செல்போனோட ஒத்து ஓடுறா." அடுத்த நாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. மாதவராஜ் தன் செல்போனோடு கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார் என்றும் சேதி வந்தது. பூவிழி தெருவில் போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் ஜெயித்துவிட்டதாகவே சொன்னாள்.

வைகாசியில் கோடைமழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் ரோசம்மாள் தயங்கித் தயங்கிப் பேசியிருந்தாள். "தங்கச்சி... வருத்தப்படாத. பின்னாடி போயிட்டா. இரும்புத் தண்டு இருந்தப்பகூட இவ்ளோ போனதில்ல."

பூவிழி அதை இரண்டு முறை கேட்டாள். பட்டறையை அப்படியே போட்டுவிட்டு மணிக்கூண்டுக்குப் போனாள். மாதவராஜும் வந்திருந்தார். அவர் குரலில் குத்தல் இல்லை. "நல்லா முயற்சி பண்ணுனீங்க. அந்த மெஷினுக்குச் சொல்லிரட்டுங்களா?"

அவள் தண்டைக் கழற்றித் தடவிப் பார்த்தாள். பக்கவாட்டில் வார்னிஷ் பளபளத்தது, ஈரம் இல்லை. நுனியைத் தொட்டாள். குளிர்ச்சியாக இருந்தது. தண்டின் இரண்டு நுனிகளுக்கும், திருகு போடத் துளைத்த ஓட்டைக்கும் அவள் வார்னிஷ் அடிக்கவே இல்லை. மரம் குடிப்பது அந்த வழியாகத்தான். குடித்த ஈரத்தில் தண்டு மயிரிழை நீண்டிருக்கிறது. உறிஞ்சுகுழலின் இரண்டு வாயையும் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தை மட்டும் பூசியிருக்கிறாள். தெருவெல்லாம் ஜெயித்ததாகச் சொன்னதும் ஞாபகம் வந்தது. பிறகு சிரித்துவிட்டாள்.

"தப்பு என்னுதுங்க. மரத்துது இல்ல. நான் கேட்டது ஒரு வெயிலும் ஒரு மழையும். மழைக்காலம் இன்னும் வரவேயில்லையே, இது கோடைமழ தானுங்களே?"

மாதவராஜும் சிரித்தார். "வாதாடுறதுக்கு வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க. சரி, ஐப்பசி வரைக்கும்."

தண்டை வெயிலில் காயப்போட்டாள். ஈரம் முழுக்க வற்றியதும், உருக்கிய மெழுகில் நுனிகளை ஊறவிட்டாள். குமிழி வருவது நிற்கும்வரை ஊறியது. ஓட்டைக்குள்ளும் மெழுகை ஊற்றி, அதற்கு மேல் பித்தளைத் தொப்பி மாட்டினாள். பிறகு தண்டை ஈரச் சாக்கில் சுற்றி ஒரு வாரம் போட்டுவிட்டு டயல் கேஜை வைத்தாள். முள் நகரவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மணிக்கூண்டு ஏறினாள். இந்த முறை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடிக்காற்று அடித்தது. ஆவணி வெயில் உறைத்தது. ஐப்பசியில் அடைமழை பெய்து கோயில் சுவரெல்லாம் பாசி பிடித்தது. ரோசம்மாளின் சேதிகள் சுருங்கிக்கொண்டே வந்தன. "சரியா இருக்குறா." "சரியா இருக்குறா." ஒருநாள் வெறும் "ம்" மட்டும் வந்தது.

கார்த்திகையில் பேரவை கூடியது. பூவிழி பின்வரிசையில் ரோசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாதவராஜ் எழுந்தார்.

"நானே வாரா வாரம் செல்போனோட நின்னு பாத்தேங்க. போன மாசம் பூரா சேத்து, நாம ரெண்டு தடவ கை தட்டுற நேரந்தான் வித்தியாசம். மெஷினு வேணாம். இவங்களுக்கு ஒரு தடவ கை தட்டிருங்க."

தட்டினார்கள். ரோசம்மாள் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். பூவிழி கூச்சப்படவில்லை. எழுந்து நின்று, "மேல போல்ட்டு வருசத்துக்கு ஒருக்கா இறுக்கணும், எண்ணெய நான் வந்து விடுறேன், வேற யாரும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சேதி பரவியது. தை பிறந்ததும் அரூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் போர்வையில் சுற்றிய உயரமான சுவர்க் கடிகாரத்தோடு பட்டறைக்கு வந்தார்கள். கடிகாரம் தினமும் ஒரு மாதிரி ஓடுகிறது, எத்தனை பேரிடம் காட்டியும் சரியாகவில்லை என்றார்கள்.

பூவிழி போர்வையை விலக்கி, கதவைத் திறந்து, ஊசலை ஒரு விரலால் தள்ளிவிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"வூட்டுல இத எந்தச் செவுத்துல மாட்டியிருந்தீங்க?"

கணவன் யோசித்தார். மனைவி சொன்னாள்: "ஹால்லங்க. ப்ளைவுட்டு தடுப்புல."

"ப்ளைவுட்டுலயா?" பூவிழி சிரித்துக்கொண்டே டிரில்லிங் மெஷினை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "கெடியாரத்துக்கு ஒரு சீக்கும் இல்லீங்க. வாங்க, உங்க வூட்டுக்கே போலாம். நல்ல செவுரா ஒண்ணு காட்டுங்க."