லாரி, ஜங்ஷன், ஒக்கூரான் சாப்பிட்ட தட்டு

போன வாரம் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடி அலமாரிக்குள், குட்டி விளக்கு வெளிச்சத்தில், எங்கள் வீட்டு நாய்த் தட்டு உட்கார்ந்திருந்தது.

ஆமாம், நாய்த் தட்டுதான். வெள்ளை எனாமல், விளிம்பில் நீலக் கோடு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் சந்தையில் என் மனைவி ஸ்டெல்லா இரண்டு வாளி வாங்கியபோது கொசுறாக வந்தது. அதற்கு இப்போது கழுத்தில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கியது. 'பர்மா காலத்து விருந்துத் தட்டு. பெரிய வீட்டுச் சொத்து. மிக முக்கியமானவர்கள் மட்டும் சாப்பிட்டது.'

பதினாறு வருஷத்தில் நானே அதில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அந்த வகையில் அட்டை பொய் சொல்லவில்லை.

சரி, நம் வீட்டுத் தட்டு அங்கே எப்படிப் போனது? திருடு போகவில்லை. நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

பத்திரிகையில் என் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டு மூன்று பேரையும் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூத்தவன் லாரி. புதுவயல் ரைஸ் மில் வாசலில் ஒரு லாரிக்கு அடியிலிருந்து ஸ்டெல்லா இழுத்தெடுத்துக் கொண்டுவந்தவன். மூன்று கால். அடுத்தவள் ஜங்ஷன். ரயில்வே ஸ்டேஷன் இரண்டாவது பிளாட்பாரத்தில் உடம்பெல்லாம் சொறியோடு கிடந்தவள். கடைசி ஒக்கூரான். ஒக்கூர் பஸ் ஸ்டாப்பில், இரண்டு கண்ணும் தெரியாமல், வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் மோந்து பார்த்துக்கொண்டிருந்த கிழவன். யாரோ பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள், இவன் அங்கேயே நின்றிருக்கிறான். கண்டெடுத்த இடத்தையே பேராக வைத்துவிடுவது ஸ்டெல்லாவின் வழக்கம். நல்லவேளை, என்னை அவள் பார்த்தது ஒரு கல்யாண வீட்டில்.

மூன்று பேரும் போய்விட்டார்கள். கொல்லையில் நெல்லி மரத்தடியில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் போனபோதும் இந்தப் பக்கத்தில் ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதினேன். கடிதம் கடிதமாக வந்தது. 'உங்கள் இளகிய மனம் எங்களை உருக்கியது' என்று ஒருவர். ஜங்ஷன் போனதற்கு எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு சங்கத்தில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, 'வாயில்லா ஜீவன்களின் தந்தை' என்று பட்டம் கொடுத்தார்கள்.

நான் பொன்னாடையோடு மேடையில் உட்கார்ந்திருந்த நேரம், கொல்லையில் ஸ்டெல்லா ஒக்கூரானுக்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மாத்திரையை இட்லிக்குள் ஒளித்துக் கொடுத்தது அவள். மூத்திரத் துணி அலசியது அவள். குழி வெட்ட ஆள் கூட்டி வந்ததும் அவள். நான் என்ன செய்தேன்? எழுதினேன். ஆயிரம் வார்த்தை.

ஆடியில் ஒக்கூரானும் போனான். அதற்குப் பிறகு அந்தத் தட்டு துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. பல் விளக்கப் போனால் கண்ணில் படும். கை கழுவப் போனால் கண்ணில் படும். எனக்குத்தான் இளகிய மனம் ஆயிற்றே... தாங்கவில்லை. ஸ்டெல்லா தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், பழைய இரும்பு வண்டிக்காரர் ஸ்பீக்கரில் கூவிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். ஓடாத ஃபேன், ஒரு கட்டுப் பேப்பர், அதோடு தட்டு. கொடுத்ததும் மனசு லேசாக இருந்தது. அதற்கு நான் வைத்த பெயர் துக்கம். இப்போது யோசித்தால் சோம்பேறித்தனம் என்றுதான் படுகிறது. துக்கப்படக்கூடச் சோம்பேறித்தனம்.

ஸ்டெல்லா திரும்பி வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"தட்டு எங்க?"

சொன்னேன்.

"குடுத்துட்டீகளா," என்றாள். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். முப்பத்தைந்து வருஷ அனுபவம் இருக்கிறது, ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பேன். அவள் திட்டவில்லை. பேசவும் இல்லை. எனக்குச் சோறு மட்டும் வந்தது. சோற்றுத் தட்டு மேஜையில் விழும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அப்படி என்ன அந்தத் தட்டில்? இருக்கிறது. கல்லறைத் திருநாள் அன்று கிறிஸ்தவர்களான நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூப்போட்டு மெழுகுதிரி ஏற்றுவோம். என் அப்பா அம்மாவுக்கு ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும், ஸ்டெல்லா நெல்லி மரத்தடியில் இன்னொரு திரி ஏற்றுவாள். கொல்லையில் காற்று அதிகம். அதனால் அந்தத் தட்டுக்குள் வைத்துத்தான் ஏற்றுவாள். லாரி இறந்த வருஷத்திலிருந்து இதுதான் பழக்கம். நாய்க்கு மெழுகுதிரியா என்று, அன்பியம் என்கிற எங்கள் தெரு ஜெபக் கூட்டத்தில் ஓர் அம்மா பங்குச் சாமியாரிடமே புகார் சொன்னார். சாமியார் வந்து பார்த்தார், காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். புகார் சொன்ன அம்மாவுக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நான்கே நாள். தட்டு இல்லை.

பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். எனாமல் சாமான் என்றால் பழம்பொருள் கடைக்காரர்கள் உடனே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார்கள். பிறகு கடை கடையாக ஏறி இறங்கினேன். காரைக்குடியில் எத்தனை கடை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆறாவது கடையில் கிடைத்தது. ஆனால் எனக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது ஃப்ளாட் வாங்கியிருக்கிறார்களாம். டைனிங் ஹால் சுவரில் மாட்ட ஒரு 'ஹெரிடேஜ் பீஸ்' வேண்டுமாம்.

கடைக்காரர் தட்டை வெளியே எடுத்து வைத்து விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

தட்டின் ஒரு பக்கம் ஒடுங்கி, லேசாகச் சாய்ந்திருக்கும். குழம்பு ஒரு பக்கமாகச் சேர்வதற்காக அந்தக் காலத்திலேயே அப்படித் திட்டம் போட்டுச் செய்ததாம். உண்மையில் அது லாரியின் வேலை. மூன்று காலில் நின்று சாப்பிட வராது, மூக்கால் தட்டைத் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டுக் கொடுத்துத்தான் சாப்பிடுவான்.

விளிம்பில் வரிசையாக எனாமல் பெயர்ந்து கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அது பர்மாக் கைவேலைப்பாடாம். அது ஜங்ஷனின் பல்லு. சோறு ஐந்து நிமிஷம் தாமதமானால் தட்டைக் கவ்விக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் போடுவாள்.

நடுவில் ஓரிடத்தில் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி கொத்தாகச் சிதைந்திருக்கும். அதைத் தொட்டுக் காட்டிக் கடைக்காரர் சொன்னார்.

"பந்தி தயாராயிருச்சுன்னா இதுல கரண்டியால தட்டுவாகம்மா. சத்தம் கேட்டுத்தான் பெரியவுக சாப்பிட வருவாக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரியாகச் சொல்லிவிட்டாரே! ஒக்கூரானுக்குக் கண் தெரியாது. ஸ்டெல்லா கரண்டியால் தட்டில் இரண்டு தட்டுத் தட்டுவாள். கொல்லையில் எந்த மூலையில் இருந்தாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவான்.

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. முன்னால் போய், அம்மா, இது எங்கள் வீட்டு நாய்த் தட்டு, வேண்டாம் என்றேன். ஒடுக்கு யாருடையது, பல்லு யாருடையது, எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைச் சுளிப்பார், கீழே வைத்துவிடுவார், எடுத்துக்கொண்டு போய்விடலாம்... இதுதான் என் திட்டம்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

"ரெஸ்க்யூ டாக்ஸா? அப்போ இதுல ஒரு ஸ்டோரி இருக்கு," என்று கணவரைப் பார்த்தார். உடனே போட்டோ எடுத்தார். நாய்களின் பெயர்களுக்கு ஸ்பெல்லிங் கேட்டார். பெரிய வீட்டு விருந்து என்றபோது யோசித்துக்கொண்டிருந்தவர், நாய் தின்றது என்றதும் பேக் பண்ணச் சொல்லிவிட்டார். கடைக்காரர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். இத்தனை வருஷம் பொய் சொல்லி விற்கிறோமே, உண்மைக்கு இவ்வளவு கிராக்கியா என்கிற பார்வை.

உண்மை சொல்லித் தோற்றுப்போனவன் அடுத்து என்ன செய்வான்? எனக்குத் தெரியவில்லை. பேனாவை எடுத்து, ஒக்கூரானைக் கூப்பிடுகிற மாதிரி அந்தத் தழும்பில் இரண்டு தட்டுத் தட்டினேன். எதற்கு என்று இப்போதும் தெரியாது. அதே சத்தம்தான் வந்தது. மடத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நான் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. மூன்று அஞ்சலிக் கட்டுரை எழுதியபோது வராத அழுகை அங்கே, மரக்குதிரைக்கும் பழைய கடிகாரத்துக்கும் நடுவில் வந்து தொலைத்தது.

அப்போதுதான் அந்தக் கணவர், அதுவரை வாயைத் திறக்காதவர், மெதுவாகக் கேட்டார்.

"சார், வீட்டுல கேக்குறாங்களா?"

"எட்டு நாளாப் பேச்சே இல்லை தம்பி."

அவர் மனைவி கையிலிருந்த தட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார். வேறு எதையாவது பார்ப்போம் என்று மனைவியை அங்குட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணும் கூடவே போனார். போகும்போது ஒரு முறை திரும்பித் தட்டைப் பார்த்தார். அது ஹெரிடேஜைப் பார்க்கிற பார்வை இல்லை.

கடைக்காரர் விலையைக் குறைத்தாரா என்று கேட்காதீர்கள். என் கண்ணீர் அவர் கடையில் செல்லுபடியாகவில்லை. அவர் அடித்துச் சொன்ன விலைக்கே, எங்கள் வீட்டுத் தட்டை நான் விலை கொடுத்து வாங்கினேன். பேப்பரில் சுற்றிக் கொடுக்கும்போது மட்டும் நல்ல மனசோடு ஒரு வார்த்தை சொன்னார். "இனிமே எவன்ட்டயும் குடுத்துறாதீகண்ணே. எனாமல் இப்ப கெடைக்கிறதில்ல."

வீட்டில் ஸ்டெல்லா பேப்பரைப் பிரித்தாள். ஒடுக்கைத் தடவினாள். விளிம்பைத் தடவினாள். பிறகு மூக்குக்கு அருகே கொண்டுபோனாள்.

"நல்லா வெளக்கிட்டாக," என்றாள். "வாசமே இல்ல."

எட்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. விளக்கியதைத் திரும்ப அழுக்காக்க எந்தக் கடையிலும் வழியில்லை.

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் நெல்லி மரத்தடியில் தட்டை வைத்துத் திரி ஏற்றினாள். அந்த அட்டை இன்னும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பர்மா, விருந்து, பெரிய வீடு... பார்க்கவே கூச்சமாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"அதை எதுக்கு வெட்டுறீக?" என்றாள். திரி வெளிச்சத்தில் கடைசி வரியை மட்டும் ஒரு தடவை வாசித்தாள். "மிக முக்கியமானவர்கள் மட்டும் சாப்பிட்டது. அந்தாளு சரியாத்தானே எழுதியிருக்காரு."

மூன்று கட்டுரை எழுதினேன், மூவாயிரம் வார்த்தை. அந்த ஒரு வரி எனக்கு வரவில்லை.