கடைசி வீட்டுத் தண்ணீரும் ஜுக்கினி ரொட்டியும்

துருவி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்டே ஆளைக் களைப்பாக்கிவிடுவாள் என்று சொந்தக்காரர்கள் வைத்தது. ஐம்பத்திரண்டு வயதாகியும் போகவில்லை, பெயரும் சரி, பழக்கமும் சரி. வேலை பார்ப்பது குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், குளோரின் கலக்கும் அறையில். ஊருக்குப் போகிற தண்ணீரில் மருந்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இருபத்துநாலு வருஷமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கேள்வி கேட்பதற்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே இடம் அதுதான் என்பார் அவள் கணவர். அவர் சைக்கிள் கடைக்காரர், பொறுமைசாலி. இவளைக் கட்டிக்கொண்டு வேறு எப்படி இருக்க முடியும், பாவம்.

இப்படிப்பட்டவளை நம்பி யாராவது எதையாவது கொடுப்பார்களா? அக்கா கொடுக்கவே மாட்டாள். பதினான்கு வயதில் துருவி அக்காவின் தையல் மிஷினைப் பிரித்துப் போட்டாள். உள்ளே நூல் எப்படி முடிச்சு விழுகிறது என்று பார்க்க வேண்டுமாம். பார்த்தாள். திரும்ப மாட்டியபோது ஒரு கை நிறையத் திருகாணி மிஞ்சியது. அன்றிலிருந்து இந்த வயது வரை அக்கா அவள் கையில் ஒரு கண்ணாடி டம்ளரைக்கூடத் தைரியமாகக் கொடுத்ததில்லை. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கி, ஒரு மாதத்துக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டி வந்தபோதுதான் அக்காவுக்கு வேறு கதி இல்லாமல் போயிற்று.

"வேற வழி இல்லாமத்தான் உன்கிட்ட குடுக்கறேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லி, ஒரு கண்ணாடி பாட்டிலை நீட்டினாள்.

பாட்டிலில் இருந்தது புளிமாவு. சோர்டோ ஸ்டார்ட்டர் என்று அக்கா சொல்லுவாள். வெறும் கோதுமை மாவும் தண்ணீரும்தான். புளித்துப் புளித்து, தானே நுரைத்துப் பொங்குகிற பதத்துக்கு வந்தது. தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் போட்டால் நாலு மணி நேரத்தில் இரண்டு மடங்காக எழும்பி நிற்கும். கடையில் ஈஸ்ட் வாங்காமலே அக்காவின் ரொட்டி உப்புவது அதனால்தான்.

"பதினோரு வருஷமா வச்சிருக்கேன்டி. தினம் மாவு, தண்ணி. எடுக்கிற பாதியைக் கொட்டிடாத, பிரிட்ஜுல சேர்த்து வை. சனிக்கிழமை அதுல ஜுக்கினி ரொட்டி போடு. தோட்டத்துல அந்தச் சீமைச் சுரைக்காய் கொட்டிக் கிடக்கு, ரெண்டு நாளைக்கு ஒருதரம் போய்ப் பறி, விட்டா தொடை மொத்தத்துக்கு ஊதிடும். ரொட்டியை போட்டோ எடுத்து அனுப்பு. நல்லா எழும்பியிருந்தா மாவு நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கறேன்."

"ஏன்க்கா பாதியை எடுக்கணும்?"

"கேக்காத. செய். இதை மட்டும் கொன்னுட்டன்னா இனிமே உன் கையில எதையும் தர மாட்டேன், சொல்லிட்டேன்."

துருவிக்கு அந்த பாட்டில் சாதாரணப் பொருளாகப் படவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கழித்து அக்கா ஒன்றை நம்பிக் கொடுத்திருக்கிறாள். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

முதல் இரண்டு நாள் மாவு நன்றாகத்தான் எழும்பியது. எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்க பாட்டிலைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தாள். மூன்றாம் நாள் பேண்டுக்கு மேலே இரண்டு விரல்தான். நாலாம் நாள் அரை விரல். ஆறாம் நாள் மாவு பேண்டைத் தாண்டவே இல்லை. மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் பிரிந்து நின்றது. துருவி பாட்டிலை ஆட்டி முகர்ந்து பார்த்தாள். என்ன குறை வைத்தோம்? மாவு அதே மாவு, அக்கா கட்டிக் கொடுத்த பைதான். தண்ணீரோ ஊரிலேயே முதல் தரம். நிலையத்திலிருந்து ஊருக்குக் கிளம்புகிற பெரிய குழாயின் வாயிலேயே கேனில் பிடித்துத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருவாள். இருபது வருஷப் பழக்கம். குடிக்கவும் சமைக்கவும் அதுதான். தன் கையால் சுத்தம் பண்ணின தண்ணீர் என்று அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. காய் துருவ உட்கார்ந்தவளைப் பார்த்து, "துருவியே துருவுறா" என்று கணவர் சிரித்தார். இந்த ஜோக்கை அவர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் தடுக்கவில்லை. ஜுக்கினித் துருவலை லேசாகப் பிழிந்து, சேர்த்து வைத்த புளித்த மாவில் கொட்டி, முட்டை, எண்ணெய், பழுப்புச் சர்க்கரை, பட்டைப் பொடி, கோதுமை மாவு, கடைசியில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா என்று அக்கா எழுதிக் கொடுத்தபடியே கலக்கி ஓவனில் வைத்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். செத்த மாவில் எது எழும்பப் போகிறது?

எழும்பியது. சும்மா இல்லை, நடுவில் வெடித்து, ரொட்டி டின்னை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது. உள்ளே ஈரமாக, பச்சை இழை இழையாக, இனிப்போடு ஒரு மெல்லிய புளிப்பு. கணவர் நாலு துண்டு சாப்பிட்டார். போட்டோ போன அடுத்த நிமிஷமே அக்காவின் பதில் வந்தது. "பரவாயில்லையே. மாவு நல்லாத்தான் வச்சிருக்க."

துருவி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். அப்புறம் பாட்டிலைப் பார்த்தாள். பேண்டு இருந்த இடத்தில் பேண்டு, மாவு இருந்த இடத்தில் மாவு.

இதை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். நிம்மதியான பிறவிகள். இவளுக்கோ மண்டையைக் குடைந்தது. மறுநாள் காலையில் இரண்டு சின்னக் கிண்ணத்தில் அதே கலவையை ஊற்றிச் சுட்டாள், ஒன்றில் சோடா போட்டு, ஒன்றில் போடாமல். சோடா போட்டது குண்டாக எழும்பியது. போடாதது செங்கல். விஷயம் அவ்வளவுதான். புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் நுரைக்கும், அதில் மாவுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பது தெரியவே தெரியாது. ஆக அக்காவுக்குப் போன போட்டோ பொய். தெரியாமல் சொன்ன பொய்தான். ஆனால் இப்போது தெரிந்துவிட்டதே.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம், எழுப்பிவிடலாம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள். கம்பளியில் சுற்றினாள், வெயிலில் வைத்தாள், மாவை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் ஒரு ரொட்டி, ஒரு போட்டோ, அக்காவிடமிருந்து ஒரு பாராட்டு. இந்த முறை தெரிந்தே சொன்ன பொய். அந்த ரொட்டியை அவள் தொடவே இல்லை.

மறுநாள் காய் பறிக்கப் போகும்போது பாட்டிலையும் கூடவே எடுத்துக்கொண்டு போனாள். பிறந்த வீட்டுக்குப் போனாலாவது தேறுகிறதா பார்ப்போம் என்றுதான். அக்கா வீடு மேட்டுத் தெருவின் கடைசி வீடு. ஊர்க்குழாய் அந்தச் சமையலறையோடு முடிகிறது. அன்று கேனைக் கொண்டுபோகவில்லை. அங்கிருந்த குழாயையே திறந்து மாவுக்கு ஊற்றிவிட்டு, பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். மறுநாளும் போய் அப்படியே செய்தாள். மூன்றாம் நாள் கதவைத் திறந்ததும் பாட்டிலைப் பார்த்தால், மாவு பேண்டைத் தாண்டி மூன்று விரல் எழும்பி, மேலெல்லாம் குமிழியாக நிற்கிறது.

துருவி சிரித்துவிட்டாள், தனியாக, சமையலறை நடுவில். அப்படியானால் தண்ணீர்தான்! மழையில் ஆறு கலங்கி வந்ததால், மாவு படுத்த அந்த வாரம்தான் அவளே மருந்து அளவைக் கூட்டியிருந்தாள். கடைசி வீடு வரை தீராமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் குழாயின் வாயில் மருந்து எப்போதுமே அதிகம். அந்த இடத்துத் தண்ணீரைத் தேடிப் பிடித்துக் கேனில் சுமந்து வந்து மாவுக்கு ஊற்றியிருக்கிறாள். கிருமியைக் கொல்லத்தானே மருந்து, மாவை எழுப்புவதும் கிருமிதானே. இருபத்துநாலு வருஷம் இந்த வேலை பார்ப்பவளுக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டாமா? தலையில் அடித்துக்கொண்டாள்.

சரி, இந்தக் குழாயில் எவ்வளவு இருக்கிறது? கைப்பையில் சோதனைக் குழலும் மாத்திரையும் எப்போதும் இருக்கும். குழலில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டுக் குலுக்கினாள். மருந்து இருந்தால் ரோஜா நிறம் வரும், குறைவாக இருந்தால் வெளிர் ரோஜா. எவ்வளவு குறைந்தாலும் அந்த வெளிர் நிறமாவது வந்தாக வேண்டும்.

வரவில்லை. நிறம் மாறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. இன்னொரு மாத்திரை போட்டாள். தோட்டத்துக் குழாயில் பிடித்துப் பார்த்தாள், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு நிறம் இல்லை.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மாவு ஏன் பிழைத்தது என்பது புரிந்துவிட்டது. மாவு பிழைக்கிற தண்ணீரில் வேறு எதெல்லாம் பிழைக்கும் என்பதும் புரிந்துவிட்டது. அந்தத் தெருவில் நாற்பது வீடு. இன்னும் இரண்டு வாரத்தில் அக்கா தன் மகளையும் பிறந்த குழந்தையையும் இந்த வீட்டுக்குத்தான் கூட்டிவரப் போகிறாள்.

நிலையத்தின் பதிவேட்டில் மேட்டுத் தெருவுக்கு வாராவாரம் சரியான அளவு எழுதியிருந்தது, துருவியின் கையெழுத்திலேயே. சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுத்து வருபவர் அளவைச் சொல்லுவார், இவள் எழுதுவாள். அவரைப் பிடித்தாள்.

"அண்ணே, மேட்டுத் தெருவுல எந்த வீட்டுல மாதிரி எடுக்கறீங்க?"

அவர் அசடு வழிந்தார். "மேல வரைக்கும் எங்க மேடம் ஏறுறது, முழங்கால் விடலையே. கீழ முனைக் குழாயில எடுத்துருவேன். ஒரே பைப்புதானே."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு, நாலஞ்சு வருஷம்."

அவரைக் கடித்துக் குதறலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் குற்றம் அவர் மேல் மட்டுமா? ஊரில் இருக்கிற எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்டவள், இந்த ஒரு கேள்வியை இந்த மனிதரிடம் ஐந்து வருஷமாகக் கேட்கவில்லை. எண் சரியாக இருந்தது, அதனால் கேட்கவில்லை. அந்த வெட்கம் அவளுக்கு இன்றும் போகவில்லை.

அன்றே பொறியாளரிடம் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள், தன் கையெழுத்தைப் பற்றியும் சேர்த்து. மேட்டின் அடியில் இன்னொரு இடத்தில் மருந்து கலக்க ஏற்பாடாயிற்று, குழாயைக் கழுவிவிட்டார்கள், அதுவரை காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீடு வீடாக அவளே போனாள். மீதி இருந்தது அக்கா. தெருவுக்கு மருந்து வந்துவிட்டால் அக்கா குழாயிலும் இனி மாவு படுத்துவிடும். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். அக்கா வந்து, தன் வீட்டில், தன் கையால் ஊற்றி மாவு செத்தால் அது யார் குற்றமும் இல்லை. பாட்டில் இப்போது பொங்கிக்கொண்டுதானே இருக்கிறது? இந்த யோசனை துருவிக்கு வந்தது, நிஜமாகவே வந்தது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அதோடு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் போனை எடுத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். கேன் தண்ணீர், செங்கல் கிண்ணம், இரண்டாவது போட்டோ, நிறம் வராத குழல்.

மறுமுனையில் குழந்தை சிணுங்கியது. அக்கா அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அந்த போட்டோ?"

"பொய்க்கா."

"ரெண்டாவதுமா?"

"அது தெரிஞ்சே."

அக்கா போனை வைத்துவிட்டாள். அப்புறம் ஒன்பது நாள் பேச்சே இல்லை. துருவி தினமும் மேட்டுக்குப் போய், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் மாவு கரைத்து பாட்டிலில் போட்டுவிட்டு வந்தாள். மாவு எழும்பியது. அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. மறுபடியும் திருகாணி மிஞ்சிவிட்டது என்று கணவரிடம் சொன்னாள். அவர் அன்றைக்கு ஜோக் அடிக்கவில்லை.

பத்தாம் நாள் அக்கா மேட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மகள் குழந்தையோடு உள்ளறையில் படுத்திருந்தாள். துருவி சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டுக் குலுக்கினாள். ரோஜா நிறம் வந்தது. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது இருந்தா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுக்கா. மாவுக்குத்தான் ஆகாது. அதுக்குக் காய்ச்சி ஆறவச்சு ஊத்தணும்."

"நான் மறப்பேன்."

அக்கா பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். அலமாரியிலிருந்து காலி பாட்டில் ஒன்றை எடுத்துத் துடைத்தாள். பொங்கி நின்ற மாவில் சரிபாதியை அதில் வழித்துப் போட்டு, மேலே ஒரு துணியைக் கட்டி, துருவியின் பக்கம் தள்ளினாள்.

"இது உனக்கு."

"எனக்கா? எதுக்கு?"

"என்கிட்ட இருக்கிறது ஒருநாள் செத்துப்போச்சுன்னா யார்கிட்ட போய் வாங்குறது? உன்கிட்ட இருந்தா, இருக்கா போச்சான்னு உள்ளதைச் சொல்லுவ."

துருவி பாட்டிலைக் கையில் எடுத்தாள். உடனே அழுதுவிட்டாள், குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மாவுக்கெல்லாம் யாராவது அழுவாங்களாடி" என்றாள்.