அண்ணி ஓடவே கூடாது

எங்கள் அண்ணியோடு ஒருமுறை கடைக்குப் போய்வந்தவர்கள் மறுமுறை கூப்பிட்டால் வரமாட்டார்கள். பேசிக்கொண்டே போகலாம் என்றுதான் கிளம்புவோம். தெருமுனை வருவதற்குள் நாம் காற்றோடு பேசிக்கொண்டிருப்போம். அவள் எங்கேயோ முன்னால் நின்றுகொண்டு, "என்ன, ஆடி அசைஞ்சு வர்றீங்க?" என்பாள். ஆடி அசைவது யார் என்று தெருவுக்கே தெரியும். கை இரண்டும் மடங்கியிருக்கும். இடுப்பு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. முதல்முதலாகப் பார்ப்பவர்கள் சிரிப்பை அடக்கப் படும் பாடு இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும்.

வேலை அப்படி. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறாள். நடக்க முடியாதவர்களை வாசலில் ஏற்றி விமானத்தின் கதவு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அது என்ன பக்கத்திலா இருக்கிறது? ஒரு கோடியில் நின்றால் மறுகோடி ஆள் எறும்பாகத் தெரிவார். பயணிகளோ சாவகாசமாக வருவார்கள். கதவைச் சாத்தப்போகிறோம் என்று ஒலிபெருக்கி அலறும். ஆனால் நாற்காலியோடு ஓடக் கூடாது. ஓடினால் வேலை போய்விடும். நேரமும் ஆகக் கூடாது, ஓடவும் கூடாது. இந்த அநியாயத்துக்கு அண்ணி கண்டுபிடித்த வழிதான் அந்த நடை.

ஒருநாள் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட ஓர் அம்மாள் அவள் நாற்காலியில் வந்தார். அந்தக் காலத்தில் நடைப் பந்தயக்காரியாம். வழி நெடுகக் கண்ணாடிச் சுவரில் தெரிந்த அண்ணியின் காலையே பார்த்துக்கொண்டு வந்தவர், "நீங்க எங்கம்மா பயிற்சி எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"போன வாரம்தான் மேடம். தீ அணைக்கிற பயிற்சி," என்றாள் அண்ணி.

அந்த அம்மாள் விடவில்லை. மூத்தோர் தடகளச் சங்கத்தில் இவளைச் சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். ஐம்பது வயதில் எங்கள் வீட்டுக்கு ஒரு விளையாட்டு வீராங்கனை முளைத்த கதை இதுதான்.

நடைப் பந்தயத்தின் சட்டம் லேசானது மாதிரித்தான் தெரியும். எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் தரையை விட்டால் அது ஓட்டம். ஓரத்தில் நிற்கும் நடுவர்கள் அதைப் பார்த்துச் சிவப்பு அட்டை எழுதுவார்கள். மூன்று அட்டை சேர்ந்தால் தலைமை நடுவர் வந்து சிவப்புத் தட்டியை மூஞ்சிக்கு நேரே நீட்டுவார். அவ்வளவுதான், மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் வங்கி வாசலில் காவல் நிற்பவன். கஞ்சி போட்ட சீருடை, முறுக்கிய மீசை, காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையாமல் நிற்பான். இடுப்பு என்று ஒன்று தனக்கு இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருக்கும். அப்பேர்ப்பட்டவனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டி. "வேணும்னா ஓடட்டும். இந்த நடையைத் தெருவுல நடக்க வேணாம்னு சொல்லு. மானம் போகுது," என்று என்னிடம் வந்து புலம்புவான். அவளிடம் சொல்ல வாய் வராது. இரண்டு பேரும் வெளியே போனால், யாரோ எவரோ என்பது மாதிரி தள்ளித்தான் வருவான்.

ஆனாலும் அவளுக்கு நகரப் போட்டி வந்தபோது, விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது அவன்தான். கடைசிச் சுற்றில் இவள் முன்னால் வரவும் தலைகால் புரியாமல் எழுந்து, "ஓடு! ஓடு! விடாதே, ஓடு!" என்று கத்தினான். ஏறுநடை போட்டு வந்தவள் புருஷன் குரல் காதில் விழுந்ததும் என்ன ஆனாளோ, நாலு எட்டு ஓடியே விட்டாள்! நடுவர்கள் கண்ணை மூடிக்கொண்டா நிற்பார்கள்? சிவப்புத் தட்டி வந்தது. அண்ணி அழுதுகொண்டே வெளியே வந்தாள். அப்புறம் பல நாள் அந்த வீட்டில் மகள் வழியாகத்தான் பேச்சு. "உங்கப்பாவை டீ குடிக்கச் சொல்லு." "குடிச்சாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் மூத்தோருக்கான சர்வதேசத் தடகளப் போட்டி எங்கள் ஊருக்கே வந்தது. ஐயாயிரம் மீட்டர் நடையில் அண்ணிக்கும் இடம் கிடைத்தது.

"மெடலெல்லாம் வேணாம். முழுசா நடந்து கோட்டைத் தாண்டணும், அவ்ளோதான்," என்றாள் என்னிடம். "இந்தத் தடவையும் வெளியே அனுப்பினா, சத்தியமா நான் மைதானத்துப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் முகமே சொன்னது. நேரே அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, நீ வரலாம். ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

"நட, நடன்னு சொன்னா?"

"பொண்டாட்டியை வீட்டைவிட்டுத் துரத்துற மாதிரி இருக்கும். பேசாம உட்காரு."

நான் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க, "வாயைத் திறங்க, இன்னும் நல்லாத் திறங்க" என்பதுதான் என் பிழைப்பு. ஒருத்தனை வாயை மூட வைக்கும் வேலை அன்றைக்குத்தான் முதல்முதலாக வாய்த்தது.

மைதானத்தில் எத்தனை தேசம், எத்தனை நிறச் சட்டை! நரைத்த தலையோடு எல்லாரும் கால்சட்டை போட்டுக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். நான், அண்ணன், அவர்கள் மகள், மூவரும் கைப்பிடிக் கம்பியை ஒட்டி முதல் வரிசையில் உட்கார்ந்தோம். அண்ணன் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டான். நான் சொல்லவில்லை, அவனே செய்தான்.

வேட்டுச் சத்தம் கேட்டது. பன்னிரண்டரைச் சுற்று. பத்துப் பதினைந்து பெண்கள் இடுப்பை வெட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அட, எல்லாரும் நம்ம அண்ணி மாதிரியே நடக்கிறார்களே! "பார்த்தியா, உலகம் பூரா இப்படித்தான் நடக்குது," என்று அண்ணனை இடித்தேன். அவன் கைக்குட்டையோடு தலையை ஆட்டினான்.

பாதி தாண்டியதும் பலகையில் அவள் எண்ணுக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. ஒரு புள்ளி என்றால் ஓர் அட்டை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் ஒன்று விழுந்தால் கதை முடிந்தது. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது அண்ணி நாலாவதாக வந்தாள். மூன்றாவது ஆள் கைக்கெட்டும் தூரம். கால் இரண்டும் இதோ ஓடிவிடுகிறேன் என்று துடிப்பது எங்களுக்கே தெரிந்தது. முகம் வேறு அழப்போவது போல் கோணிக்கொண்டு வந்தது.

அண்ணன் எழுந்துவிட்டான். "உட்காருண்ணா!" என்று சட்டையைப் பிடித்தேன். உதறினான். கத்தப்போகிறான், எல்லாம் பாழ் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. மகள்தான், "அத்தை, அப்பாவைப் பாரு!" என்று என்னை உலுக்கினாள்.

என் அண்ணன், அந்த முறுக்கு மீசைக்காரன், கைக்குட்டையைக் கவ்விக்கொண்டு, கைகளை மடக்கி, கம்பியோரமாக அவளுக்கு இணையாக நடந்துகொண்டிருந்தான். இடுப்பு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு! பின்வரிசையெல்லாம் எழுந்து நின்று கைகொட்டிச் சிரித்தது. எவனோ விசிலடித்தான். அவன் எதையும் சட்டை செய்யவில்லை. அண்ணி திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் பக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு கோணல் எல்லாம் போய், நாற்காலி தள்ளிக்கொண்டு போகிற பழைய அண்ணியாகிவிட்டாள். கால் தரையில் பதிந்து பதிந்து வந்தது. முன்னால் போனவளைத் தாண்டினாள், கோட்டையும் தாண்டினாள்.

அப்போதுதான் தலைமை நடுவர் கையில் சிவப்புத் தட்டியோடு அவளை நோக்கி வந்தார். அண்ணி அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவர் அவளைத் தாண்டி நேரே கம்பியோரம் வந்து, மூச்சிரைக்க நின்ற என் அண்ணனின் மூஞ்சிக்கு நேரே தட்டியை நீட்டினார்.

"ரெண்டு காலும் தரையில இல்லை சார். நான் நல்லாப் பார்த்தேன். நீங்க அவுட்."

மைதானமே கொல்லென்று சிரித்தது. பலகையில் மூன்றாவதாக அண்ணியின் எண் வந்தது, இரண்டு புள்ளியோடேயே. நான் மகளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அண்ணி கம்பியருகே வந்து அண்ணனின் வாயிலிருந்து கைக்குட்டையை உருவினாள்.

"இப்பவாவது வாயைத் திறங்களேன். எதாவது சொல்லுங்க."

அவனுக்கு மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"உன் பக்கத்துல நடக்கிறது ரொம்பக் கஷ்டம்டி."

"முதல் நாள்தானே," என்றாள் அண்ணி. "போகப்போகச் சரியாயிடும்."