தலைமை விருந்தினர் உதைத்த பந்து

எங்கள் பக்கத்தில் எதுவும் தானாகத் தொடங்கிவிடாது. தொடங்கிவைக்க ஒருவர் வரவேண்டும்.

தாம்பரத்துக்குக் கிழக்கே, செம்பாக்கம் போகிற வழியில் எங்கள் தெரு. அறுபதுகளின் நடுவில் அங்கே முதன்முதலாக விளக்குக் கம்பம் நட்டார்கள். கம்பி இழுத்து, பல்பும் மாட்டியாயிற்று. ஆனால் எரியவிடவில்லை. எரியவிட வேண்டியவருக்குத் தேதி கிடைக்கவில்லையாம். தலைக்கு மேலே பல்பு தொங்க, அதற்கு நேர் கீழே இருட்டில் பள்ளம் தெரியாமல் விழுந்து எதிர்வீட்டுக்காரர் முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். கடைசியில் விழா நடந்தது உச்சிவெயிலில். பிரமுகர் விசையைத் தட்டினார். எரிகிறதா இல்லையா என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு எல்லோரும் கைதட்டினோம். எதிர்வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலோடு வந்து மாலை போட்டார்.

சடங்கு கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். சோற்றில் கை வைக்குமுன் ஜெபம் பண்ணுகிறவன். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதவன். பல்லாவரத்தில் தோல் பதனிடுகிற ஓர் இடத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. எந்தக் காரியத்தையும் ஆண்டவரை நினைத்துத் தொடங்கவேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். ஆனால் ஆண்டவரை நினைக்க எனக்குக் கண்ணை மூடித் திறக்கிற நேரம் போதும். பிரமுகரை நினைக்கத்தான் ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடுகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ஏரிக்குப் பக்கத்துப் புறம்போக்கில் எங்கள் ஆட்கள் கால்பந்து ஆடுவார்கள். அதற்கு ஓர் இளைஞர் மன்றம் இருந்தது. மன்றத்தின் செயலாளர் மட்டும் இளைஞர் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர், மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். மைக் யாரிடம் இருக்கிறதோ அவர்தானே செயலாளர் ஆகமுடியும்? அவர் பந்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. ஆட்டத்துக்கு முன்னால் நடக்கவேண்டியவற்றில்தான் அவருடைய திறமையெல்லாம். கொடியேற்றம், இறைவணக்கம், வரவேற்புரை, மாலை, பொன்னாடை, பேச்சு, புறா பறக்கவிடுதல், ஆட்டக்காரர்களோடு கைகுலுக்கல். எதிரணிக்காரர், மாற்று ஆட்டக்காரர், சுண்ணாம்புக் கோடு போட்டவர் வரைக்கும் வரிசையில் நின்று கைகொடுக்கவேண்டும். ஆட்டம் என்பது வாழ்த்துரைக்கும் நன்றியுரைக்கும் நடுவே வருகிற ஓர் இடைவேளை, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் மகுடம் போல ஒன்று உண்டு. அவர் அதற்குச் ‘சிறப்புக் கோல்’ என்று பேர் வைத்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன் தலைமை விருந்தினர் பந்தைக் கோலுக்குள் உதைப்பார். எங்கள் கோல் கீப்பர் தடுப்பது போலப் பாய்ந்து, தடுக்காமல் விழவேண்டும். பந்து உள்ளே போனதும் பேண்டு முழங்கும், சரவெடி வெடிக்கும். ஒரு வருஷம் வந்த விருந்தினர் வயதானவர். அவர் உதைத்த பந்து பாதி வழியில் களைத்து நின்றுவிட்டது. செயலாளர் கண்ணைக் காட்ட, கோல் கீப்பரே ஓடிப்போய்ப் பந்தைக் குதிகாலால் உள்ளே தள்ளிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு வருத்தப்பட்டான். பெரியவருக்கு அளவில்லாத சந்தோஷம்.

அந்தக் கோல் கீப்பர் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி. இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு கைவிட்டுவிட்டது. எங்கள் வீட்டில்தான் இருந்தான். சாப்பாட்டு நேரத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான், என் முகத்தைப் பார்க்கமாட்டான். நான் ஒன்றும் சொன்னதில்லை, ஆனாலும் அப்படித்தான். பந்து என்று வந்துவிட்டால் வேறு ஆள். மேலே வந்தாலும் கீழே வந்தாலும் அவன் கை அங்கே போய்க் காத்திருக்கும்.

கிண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கால்பந்து அணி வைத்திருந்தார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு அங்கே வேலை கிடைக்கும். அந்த அணியின் கோச் பொங்கலை ஒட்டி நடக்கிற எங்கள் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். கோல் கீப்பர் ஒருவன் அவர்களுக்குத் தேவைப்பட்டான். எங்கள் வீட்டில் அதற்குமேல் வேறு பேச்சில்லை. என் மனைவி ஆட்டத்தன்று முழுக்க உபவாச ஜெபம் என்று தீர்மானித்துவிட்டாள். தம்பிக்கு ஒரு வேலை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

செயலாளர் நல்ல மனுஷர். உதவி செய்யவேண்டும் என்று நினைத்தார். அவருக்குத் தெரிந்த உதவி ஒன்றே ஒன்று. அந்தத் தொழிற்சாலையின் பெரிய அதிகாரி ஒருவரையே தலைமை விருந்தினராகப் பிடித்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து செய்தி சொன்னார்.

“கோச்சு இன்னாத்துக்குப்பா, அவுருக்கே மேல கீறவரு வராரு. நீ அவுரு கோலை ஒயுங்கா வாங்கிக்கினா போதும். வேல உன் வூட்டுக்குத் தானா வரும்.”

அந்த வாரம் முழுக்க மைத்துனன் ஆட்டத்துக்குப் பயிற்சி எடுக்கவில்லை. தோற்பதற்கு எடுத்தான். செயலாளர் கோலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பந்து வலது பக்கம் வந்தால் இடது பக்கம் எப்படிப் பாயவேண்டும், விழுந்தபிறகு எவ்வளவு நேரம் எழுந்திருக்காமல் இருக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். முழங்கை தேய்ந்து வீட்டுக்கு வந்தவனுக்கு என் மனைவி தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

இறுதி நாளன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டம் என்று நோட்டீஸ். கோச் மட்டும் அதை நம்பி நாலு மணிக்கு வந்துவிட்டார். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். கோல் கீப்பரின் அக்கா புருஷன் என்று தெரிந்துகொண்டு எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். விருந்தினரின் கார் வந்து சேர்ந்தபோது பேண்டுக்காரர்கள் இரண்டாவது டீயையும் குடித்து முடித்திருந்தார்கள்.

கொடி ஏறியது. இறைவணக்கத்துக்கு மதத்துக்கு ஓர் ஆள். இரண்டு பெண்கள் பிள்ளையார் மேல் பாடினார்கள். பிறகு பல்லாவரத்து பாய் ஒருவர், பிறகு நான். பாயும் நானும் பல வருஷமாக இந்த மேடையில் சேர்ந்து நிற்கிறவர்கள். சுருக்கமாக முடிப்பது என்று எங்களுக்குள் சொல்லாத ஒப்பந்தம் உண்டு. நான் நாலு வாக்கியத்தில் ஆமென் சொல்லிவிட்டேன். செயலாளர் மைக்கை மறைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பண்ணக்கூடாதா, பெரியவர் இப்போதுதான் எழுந்து நின்றார் என்று கடிந்துகொண்டார்.

வரவேற்புரையில் செயலாளர் விருந்தினரைச் சூரியன் என்றார். உண்மையான சூரியன் அதற்குள் மேற்கே முடிச்சூர்ப் பக்கம் பாதி இறங்கியிருந்தது. மாலைகள் வந்தன. பிறகு பொன்னாடைகள். போர்த்தியவர்களே திரும்பவும் வரிசையில் வந்து நின்றது போல எனக்குப் பட்டது. புறாக்கள் பறக்க மறுத்தன. விருந்தினர் இரண்டு தடவை மேலே வீசியும், இரண்டும் கோல் கம்பத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு விழாவைப் பார்த்தன.

கோச் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆட்டம் எப்போ சார்?”

“கைகுலுக்கல் ஒண்ணுதாங்க பாக்கி. அப்புறம் சிறப்புக் கோல்.”

“லைட் போயிடும் சார். நான் எதைப் பார்த்துட்டுப் போறது?”

எதிரே, பெண்கள் நின்ற பக்கத்தில், என் மனைவி முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவளுக்கும் வானம் தெரிந்தது.

கைகுலுக்கல் முடிந்து, விருந்தினர் சட்டைக் கையை மடித்துவிட்டபோது மைதானத்தில் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. மைத்துனன் கோலில் போய் நின்றான். செயலாளர் அவனுக்குக் கட்டைவிரலால் இடது பக்கம் காட்டினார்.

எங்கள் விருந்தினர்களைப் பற்றி எங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. தொப்பை உள்ளவர், பளபள ஷூ போட்டவர், மெதுவாகத் தட்டுவார். இவர் அப்படி இல்லை. வாலிபத்தில் கல்லூரி அணியில் ஆடியவராம். அதைச் செயலாளர் வரவேற்புரையிலேயே சொல்லியிருந்தார், நாங்கள் யாரும் அதை நம்பவில்லை. இரண்டடி பின்னால் போய், ஓடிவந்து, ஓங்கி ஒரு உதை விட்டார். பந்து தரையைத் தொடாமல் வலது மேல் மூலைக்குப் போயிற்று.

மைத்துனன் இடது பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். சாய்ந்த உடம்பு எப்படித் திரும்பியது என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை. அந்தரத்தில் நீண்டு, விரல்நுனியால் பந்தைக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டுத் தரையில் விழுந்தான்.

பேண்டுக்காரர்கள் கோலைப் பார்க்கிறவர்கள் அல்ல, காலைப் பார்க்கிறவர்கள். விருந்தினர் கால் தூக்கியதும் ஊதத் தொடங்கிவிட்டார்கள். சரவெடி வெடித்தது. புறாக்கள் அப்போதுதான் பறந்தன. செயலாளர் மைக்கில் கோல், கோல் என்று கத்திக்கொண்டிருந்தார். பந்து ஏரிப்பக்கமாக உருண்டு போய்க்கொண்டிருந்தது.

பக்கத்தில் கோச் எழுந்து நின்றுவிட்டார். நின்ற விதமே போதுமாக இருந்தது. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று வாய்க்குள் சொன்னேன். ஆனால் விருந்தினரின் முகம் சிவந்திருந்தது. பேண்டு ஒவ்வொரு வாத்தியமாகத் தயங்கி நின்றது.

செயலாளர் மைதானத்துக்குள் ஓடினார். அவரிடம் வெடி மிச்சமில்லை, மானம் மட்டும்தான் மிச்சம்.

“இன்னாப்பா பேஜார் பண்ணிட்ட? ஒரு வாரம் சொல்லிக் குடுத்தேனே. சார், இது ட்ரயலு. இன்னொண்ணு அடிங்க சார்.”

விருந்தினர் அவரைக் கவனிக்கவில்லை. மைத்துனனைப் பார்த்துக் கேட்டார்: “யூ நோ ஹூ ஐ ஆம்?”

அவனுக்கு இங்கிலீஷ் புரிந்ததோ இல்லையோ, குரல் புரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். வீட்டில் தட்டைத் தவிர வேறெதையும் பார்க்காதவன், அவ்வளவு பேர் நடுவில் என் முகத்தை நேராகப் பார்த்தான். நான் தலையசைக்கவுமில்லை, அசைக்காமலுமில்லை. பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

இரண்டாவது பந்து நேராக அவன் மார்புக்கு வந்தது. விலகுவதுதான் கஷ்டம். ஒரு வாரப் பயிற்சி வீண்போகவில்லை. இடது பக்கம் அழகாகப் பாய்ந்து, முகம் புழுதியில் புதைய விழுந்து, சொல்லிக்கொடுத்த நேரம் வரைக்கும் எழுந்திருக்காமல் கிடந்தான். கோல். பேண்டு மறுபடி முழங்கியது. விருந்தினர் போய் அவனைத் தூக்கிவிட்டு, தன் கழுத்து மாலையில் ஒன்றை எடுத்து அவன் கழுத்தில் போட்டார்.

கோச் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டுல எது சார் உங்க மச்சான்?” என்று கேட்டார். முதல் பந்துதான் என்று நான் சொன்னேன். கடைசி மின்சார ரயிலைப் பற்றி யோசிக்கிறவர் போல அவர் தலையாட்டினார்.

ஆட்டம் தொடங்கி, எதிர்க்கோல் பக்கம் பந்து இரண்டு தரம் போய்வந்ததோ இல்லையோ, பந்தே தெரியவில்லை. நடுவர் விசில் ஊதி நிறுத்திவிட்டார். கோப்பை நாணயம் சுண்டித் தீர்மானமானது. நாணயத்தைச் சுண்டியதும் தலைமை விருந்தினர்தான். அதற்கும் கைதட்டினோம். நன்றியுரை மட்டும் குறையில்லாமல் நடந்தது. தெருவிளக்குக் கம்பத்திலிருந்து வயர் இழுத்து ஒரு பல்பு போட்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து வேலை வந்தது. கோச் சொல்லி வந்ததா, விருந்தினர் சொல்லி வந்ததா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. கர்த்தர் சொல்லி வந்தது என்று என் மனைவி முடித்துவிட்டாள். சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தோம். செயலாளர் ஒரு பொன்னாடையோடு வீட்டுக்கு வந்து தானே தனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மைத்துனன் முதல் சம்பளத்தில் அக்காவுக்குப் புடவை எடுத்தான். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்தான். அதுவரை எல்லாம் சந்தோஷம்தான். தொழிற்சாலை அணியில் எப்போது ஆடப்போகிறாய் என்று நான் கேட்கும்போதெல்லாம் அடுத்த ஆட்டம், அடுத்த ஆட்டம் என்பான். வருஷ விளையாட்டு விழாவுக்கு எங்களையும் கூட்டிப்போனான். கொடியேற்றம், வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முறைப்படி நடந்தன. பெரிய அதிகாரிகள் ஐந்து பேர் வரிசையாக நின்று ஆளுக்கொரு பந்து உதைத்தார்கள். கோலில் நின்றது என் மைத்துனன். ஐந்தையும் விட்டான். அதிலும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விதமாக விழுந்தான். கைதட்டல் ஓய்ந்ததும் கையுறையைக் கழற்றி வேறொருவனிடம் கொடுத்துவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கியது.

“நீ ஆடலையாடா?” என்றாள் அவன் அக்கா.

“என் வேலை முடிஞ்சுதுக்கா. இதுக்குத்தான் என்னை எடுத்திருக்காங்க. பெரியவங்க பந்தை என்னாட்டம் விடறதுக்கு ஆள் இல்லையாம்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு என் பக்கம் குனிந்து, “கோச் பேசிப் பார்த்தாரு மாமா, நடக்கல” என்றான்.

அன்று இரயிலில் திரும்பினோம். குரோம்பேட்டை தாண்டியபிறகு என் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “ஏங்க, நான் வேலைன்னு மட்டுந்தானே கேட்டேன்? ஆடணும்னு கேட்கலையே?”

எதிர் இருக்கையில் மைத்துனன், முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே யாரோ மைதானத்தில் ஆடுவதைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.