இருசம்மாளின் மழைக்காலப் புளித்தூள்

எங்கள் ஏரிக்கரை ஊரான தோணிரேவில் தப்பே செய்யாதவள் இருசம்மாள் ஒருத்திதான். இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். இருபது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் மறுத்துப் பேச எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அவள் பெருமையெல்லாம் புளித்தூளில்தான். கொட்டையும் நாரும் போக ஆய்ந்த புளியை முறுகக் காயவைத்து, கல்லுப்போடு வறுத்து, உரலில் இடித்துச் சலிப்பாள். அவள் புருஷன் ஆதிகேசவன் போகும் படகில் ஐந்து பேர். ஏரியில் வலைபோட அவர்கள் முறை வரும் நாளில் விடியலில் போனால் பொழுது சாய்ந்துதான் கரை. குடிக்க ஒரே குடம் தண்ணீர். அதில் புளியை ஊறவைத்துவிட்டு எதைக் குடிப்பது? அதனால் பிடித்த மீனை ஏரித் தண்ணீரிலேயே வேகவைத்து, இருசம்மாளின் தூளைப் போட்டு இறக்குவார்கள். உப்பு தனியாகக் கிடையாது. கடல் வந்து கலக்கும் ஏரி என்பதால் கோடையில் தண்ணீர் கரிக்கும், தூளில் உப்பைக் குறைப்பாள். ஐப்பசி மழையில் ஏரி இனிக்கும், இரண்டு பங்கு போடுவாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், தீபாவளி முடிந்தும் சொட்டு மழை இல்லை. இருசம்மாள் வானத்தைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தாள். இரண்டு பங்கு உப்பைப் போட்டு இடித்துக் கொடுத்துவிட்டாள்.

அன்று குழம்பை வாயில் வைத்த ஐந்து பேரும் குடத்தின்மேல் பாய்ந்தார்கள். மத்தியானத்துக்குள் குடம் காலி. கரைக்கு வந்ததும் படகின் மூத்தவர் தருமலிங்கம் நேரே அவள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, கொழம்பா, கருவாட்டுத் தொட்டியா? நாக்கு வெந்துபோச்சி. அடுத்த தபா குப்பம்மா வூட்ல புளி வாங்கிக்கிறோம்."

"தூள்ல இன்னாண்ணா கொறை? ஐப்பசி பொறந்தா மழை பெய்யணும். பெய்யலன்னா அதுக்கு நானா பொறுப்பு? போய் வானத்தைக் கேளுங்க."

ஆதிகேசவன் தோளிலிருந்த வலையை இறக்கிவைத்தான். நல்லாயிருக்கு என்று ஒருநாளும் சொல்லாத மனுஷன், நல்லாயில்லை என்றும் சொல்லவில்லை.

படகுக்குப் புளி கொடுக்கிற வீடு மாறுவது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. கிணற்றடியில் எதிர்வீட்டுக் குப்பம்மாவின் குரல் உயர்ந்தது. இருசம்மாள் மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை. எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது, அவள் முகத்தைப் பார்த்த பிறகு பாவமாகிவிட்டது. நான்காம் நாள் அவள் முழங்காலளவு ஏரியில் இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினாள். திரும்பினால் கரையில் நான்.

"மூஞ்சி கழுவ வந்தேன்" என்றாள்.

அடுத்த முறை குப்பம்மாவின் புளியுருண்டையை ஊறவைத்தே பாதிக் குடம் தீர்ந்தது. ஐந்து பேரும் மறுபடி நாக்கு வறண்டு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்த ஆதிகேசவன் ஒரு சோடா பாட்டிலை இருசம்மாள் முன்னால் வைத்தான். பாட்டில் நிறையத் தண்ணீர்.

"இன்னாய்யா இது?"

"நாங்க சோறாக்குற எடத்துத் தண்ணி. வாய்ல வெச்சிப் பாத்துட்டு உப்பு போடு. தருமலிங்கம் அண்ணந்தான் குடுத்தனுப்புச்சி." பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னான்: "உன் தூள் இல்லாம சோறு எறங்கல."

அவள் ஒரு சொட்டை நாக்கில் விட்டு, "இந்த ஏரிக்கு ஒரு நெலையே கெடையாது" என்று ஏரியைத் திட்டினாள். பிறகு திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து என்னவென்று கேட்டேன். புளித்தூள் கண்ணில் பட்டுவிட்டதாம்.

அன்று அவள் உரலைத் தொடவே இல்லை.