தலைக்கு ஊற்றிய நாள்

மாங்காட்டில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த இடத்தில் அந்த மழைக்காலத்துக்கு ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது, கூடத் தங்க ஒரு கூட்டாளியும் கிடைத்தான். ஏழாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு அது எத்தனையாவது கொட்டகை என்று நினைவில்லை. அவன் சென்ட்ரிங் வேலை, காங்கிரீட் ஊற்றப் பலகை அடிப்பவன். நான் புதுக் காங்கிரீட்டை நனைப்பவன். அதற்கான தண்ணீர் டிரம் எங்கள் வாசலிலேயே இருந்தது.

அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது, எலும்பெல்லாம் முறிகிறது என்றான். கரையான்சாவடி மருந்துக்கடையில் உடம்பு வலிக்கு மாத்திரை வாங்கி வந்தேன். மூன்று நாள் அதைத்தான் போட்டான்.

நாலாம் நாள் காலையில் நெற்றி ஜில்லென்றிருந்தது. காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றுவோம். ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது என்று அர்த்தம். டிரம்மில் மொண்டேன். புழுக்கள் நெளிந்தன. கையால் விலக்கிவிட்டு ஊற்றினேன்.

"இன்னா மாமே, புது மாப்ள மாதிரி கீற. நாளைக்கு வேலைக்கு வந்துரு."

"வவுறு வலிக்குதுடா."

"மூணு நாளா துன்னாத வவுறு. ரசம் ஊத்தித் துன்னா சரியாப் பூடும்."

ரசஞ்சோறு உள்ளே நிற்கவில்லை. மூன்றாவது முறை வாந்தி எடுத்தபோது ஈறில் ரத்தம். கைகால் சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் முனகினான். ஷேர் ஆட்டோவில் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். "காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

"காலைல. தலைக்குக்கூட ஊத்திட்டேன். மூணு நாளா ஒடம்பு வலி மாத்திரைதான் குடுத்தேன்."

"டெங்கு மாதிரிதான் இருக்கு. அதுல காய்ச்சல் விட்டப்புறம்தான் ஆபத்தே. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். வலி மாத்திரை வேற குடுத்திருக்கீங்க, அது ரத்தக்கசிவை இன்னும் அதிகமாக்கும்."

இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. அவன் கழிக்கும் சிறுநீரை அளந்து நர்சிடம் சொல்வது என் வேலை. குறைந்தால் அவர் முகம் மாறும், ஓடிப்போய்ப் பிரஷர் பார்ப்பார். பப்பாளி இலைச்சாறு கொண்டுவரவா என்று கேட்டேன்.

"சாறெல்லாம் வேணாம். அளவைச் சரியாச் சொல்லுங்க, போதும்."

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றான். நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

கொட்டகைக்குத் திரும்பியதும், "தலைக்கு ஊத்துடா, ஒடம்பு நாறுது" என்றான். நான் டிரம்மைக் கவிழ்த்து உட்புறமெல்லாம் தேய்த்தேன். தண்ணி லாரி சாயங்காலம்தான் வரும். வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவ்வப்போது அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், அதை நம்ப முடியாது என்று தெரிந்தும்.